‘மருமகன்’ என்று போட்டது யார்?

படிவங்களையும் செயலிகளையும் தமிழில் எழுதித் தரும் குழுவினருக்கு,

வணக்கம்.

நானும் உங்கள் ஆள்தான். 16 வருடமாக இதில்தான் பிழைப்பு. இடது கட்டத்தில் ஆங்கிலம், வலது கட்டத்தில் தமிழ், சொல்லுக்கு இத்தனை பைசா. முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும் என்று தெரியாமல் ஒற்றை ஒற்றைச் சொல்லாக வந்து விழுவதற்கெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தமிழ் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆகவே இந்த மடலில் திட்டு ஏதாவது இருந்தால் அதில் பாதி எனக்கு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா தன் போனை நீட்டினார். வங்கிக் கணக்கில் நாமினி பெயர் சேர்க்கவில்லை என்று குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கிறதாம். “சின்னவன் பேரைப் போட்டுடு” என்றார். சின்னவன் என்றால் என் தம்பி. (ஏன் நான் இல்லை என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் அவரைக் கூட்டிப் போகிறவன் அவன்.) பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டாயிற்று. அடுத்தது உறவுமுறை. தட்டினால் ஒரு பட்டியல் விழுந்தது: தந்தை, தாய், கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி, மாமா, அத்தை, மருமகன், மருமகள், மற்றவை.

“மகன்னு போடு” என்றார் பெரியம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். தங்கை பிள்ளை மகன்தானே. ஆனால் மகன் என்று போட்டால், ஆதாரில் அப்பா பெயர் வேறாக இருக்கிறதே என்று நாளைக்குக் கேள்வி வரும். செயலியை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ‘நெஃப்யூ’ இருந்த இடத்தில்தான் ‘மருமகன்’ உட்கார்ந்திருந்தது. “மருமகன்னுதான் இருக்கு, போடட்டுமா?” என்று கேட்டதுதான் தாமதம்.

“யாருடா மருமகன்? என் தங்கச்சி பெத்த புள்ள எனக்கு மருமகனா? முறை தெரியாம பேசுறியே, படிச்சவன்தானே நீ?”

நியாயமான கோபம். பெரியம்மாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள். எனக்கும் தம்பிக்கும் அவள் அக்கா. அக்கா மாதிரி என்றுகூடச் சொல்ல மாட்டோம், அக்காதான். தம்பியைப் பெரியம்மாவுக்கு மருமகன் ஆக்கினால் அவனை அக்காவுக்கு என்ன ஆக்குகிறோம்? ‘மருமகன்’ ஒரு பெண் வாயில் வந்தால் அது மகளைக் கட்டியவனைச் சொல்லும், இல்லையென்றால் அண்ணன் தம்பி பெற்ற பையனைச் சொல்லும். ஆண் வாயில் வந்தாலும் மகளைக் கட்டியவனைச் சொல்லும், இல்லையென்றால் அக்கா தங்கை பெற்ற பையனைச் சொல்லும். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதற்குக் காரணம், அந்தப் பையன் மகளைக் கட்டும் முறைக்காரன் என்பதுதான். அதே கணக்கில்தான் அம்மாவோடு பிறந்தவரும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. அப்பாவோடு பிறந்தவளும் அத்தை, மாமியாரும் அத்தை. இன்று அத்தை மகனைக் கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், டாக்டர்களும் வேண்டாம் என்கிறார்கள். சொல் மட்டும் இன்னும் அந்தப் பழைய வரைபடத்தோடுதான் நடமாடுகிறது. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் ஆங்கிலத்தில் ஒரே பெட்டிக்குள் போகிறார்கள். தமிழில் ஒருவன் சம்பந்தம் செய்யக்கூடிய பக்கம், இன்னொருவன் கூடவே கூடாத பக்கம். நடுவில் இருப்பது சாதாரணக் கோடு இல்லை, மதில்.

ஆகவே ‘நெஃப்யூ’வைத் தமிழாக்க வேண்டுமென்றால் பேசுகிறவர் ஆணா பெண்ணா, அந்தப் பையன் யார் வழியில் வந்தவன் என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். அகராதியில் முதலில் வரும் சொல்லைத் தூக்கிப் போட்டது நம்மில் யாரோ ஒருவர். நானாகவும் இருக்கலாம். எத்தனை பட்டியல் செய்தேன் என்று எனக்கே நினைவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உறவுமுறைக்குச் சரியான படிவம் ஒன்றை ஓர் அமெரிக்கர் 160 வருடத்துக்கு முன்பே போட்டிருக்கிறார். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வக்கீலாக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன். பக்கத்திலிருந்த செனகா என்ற பழங்குடி மக்கள் அப்பாவின் சகோதரனையும் அப்பா என்றே அழைப்பதைக் கவனித்துவிட்டு, உலகில் வேறு யார் இப்படி அழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அச்சடித்த கேள்வித்தாள்களைப் பாதிரியார்களுக்கும் தூதர்களுக்கும் அனுப்பினார். 200-க்கும் மேற்பட்ட உறவுகள் அதில் இருந்தன. தன் மொழியில் ‘அங்கிள்’, ‘நெஃப்யூ’ என்று சொற்கள் தயாராக இருந்தும் அவற்றை நம்பி அவர் கேட்கவில்லை. அப்பாவின் சகோதரன், அம்மாவின் சகோதரன் என்று ஒவ்வொரு உறவையும் பிரித்துக் கேட்டார். மூத்தவரா இளையவரா, சொல்பவர் ஆணா பெண்ணா என்பதற்கும் தனித்தனி வரி. தமிழ் முறை பற்றிய பதில் வந்தபோது அதுவும் செனகா முறையும் அவ்வளவு ஒத்துப்போவதைக் கண்டு, அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சாட்சி என்று எழுதிவிட்டார். முறை ஒத்துப்போனதை வைத்து அவ்வளவு தூரம் தாவியது தப்பு. 1871-இல் வந்த அந்தப் புத்தகத்தின் முடிவு நிற்கவில்லை, படிவம் நின்றுவிட்டது. தன் மொழியின் பெட்டிகள் ஊரில் எல்லோருக்கும் பொருந்தாது என்று ஒரு படிவம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரிந்திருக்கிறதா?

ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1959-இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய சிறிய கட்டுரையில் ஒரு கருத்து சொன்னார். ஒரு மொழியில் எதைச் சொல்ல முடியும் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. இந்த வேலைக்கு வந்த முதல் நாளே இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் ஒருவர் அண்ணனா தம்பியா என்று சொல்லாமலே ஆயுசைக் கழித்துவிடலாம். பேச்சுத் தமிழில் வாயைத் திறந்ததும் சொல்லியாக வேண்டும். அதற்காக ஆங்கிலேயருக்கு மூத்தவர் இளையவர் தெரியாது என்று அர்த்தமில்லை. நினைத்தபோது அவர்களும் சொல்வார்கள். நமக்கு நினைக்காதபோதும் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் நூறு தடவை அப்படிச் சொல்கிறவனுக்கு, யார் மூத்தவர் என்ற கேள்வி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மேடைகளில் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவுக்கு ஏழு பெயர் அடுக்கிக் கைதட்டல் வாங்குவார்கள். தமிழன் சிந்தனையின் ஆழம் பாரீர் என்று முடிப்பார்கள். எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூறு சொல் என்பதும் இதே ரகம். ஊர் ஊராகப் போய்ப் பெருத்த கதை அது. பூக்கடையில் நிற்கிற அக்கா மொட்டு, பூ என்ற இரண்டை வைத்தே வியாபாரத்தை முடித்துவிடுகிறார், அவருக்குப் பூவைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அகராதியில் எத்தனை சொல் கிடக்கிறது என்பது பெரிய விஷயம் இல்லை. வினைமுற்றின் வாலில் எது கட்டாயமாக ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள், அங்கேதான் மொழி நம்மை ஆட்டிவைக்கிறது.

உதாரணத்துக்கு, ‘வேலைக்கு ஓர் ஆள் வைத்தேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். ‘ஆள் வந்தா…’ என்றதும் மாட்டிக்கொண்டோம். வந்தானா, வந்தாளா, வந்தாரா? மக்களை உயர்திணை என்றும் மற்றதெல்லாம் அஃறிணை என்றும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவிலேயே பிரித்துவிட்டார். மரியாதையின் கணக்கோ அந்தப் பிரிவுக்குள் இன்றுவரை தினமும் நடக்கிற சண்டை. இதில் நாம் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறோம், அதையும் சொல்லிவிட வேண்டும். ‘உங்கள் ஓட்டுநர் வந்துவிட்டார்’ என்று வாடகை வண்டிச் செயலிக்குத் தமிழ் எழுதியது நம் ஆட்களில் ஒருவர்தான். ‘டிரைவர் வந்துட்டானா?’ என்று கேட்டே பழகிய வீடுகளுக்குள் அந்த ‘ஆர்’ விகுதி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய் வருகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், நல்லதைத் தேர்ந்தார்.

‘நாம்’, ‘நாங்கள்’ கதையும் அப்படித்தான். கேட்பவரைச் சேர்த்துச் சொல்கிறோமா, விட்டுவிட்டுச் சொல்கிறோமா என்று ஆங்கிலம் கேட்பதே இல்லை. ‘விரைவில் நாம் உங்களைத் தொடர்புகொள்வோம்’ என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னோடு சேர்ந்து என்னையே எப்படித் தொடர்புகொள்வது? மூன்று பேர் சரிபார்த்த வரி அது. ஒருவர் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் மூவரும் இடது கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வலது கட்டத்தைப் படித்தோம்.

அதே நிறுவனத்தின் இன்னொரு வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது. போன் உடைந்தால் இழப்பீடு கேட்கும் படிவம். ‘உங்கள் சாதனத்தை எவ்வாறு சேதப்படுத்தினீர்கள்?’ என்று கேட்டிருந்தேன். ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது, அங்கே அது சாதாரணக் கேள்வி. தமிழில் படித்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல இருக்கிறது. நம்மூரில் போன் ‘விழுந்துருச்சு’, ‘உடைஞ்சுபோச்சு’. உடைந்தது, உடைத்தான், கவிழ்ந்தது, கவிழ்த்தான், தன்வினை பிறவினை என்று ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். யார் மேல் பழி என்பதை ஓர் ஒற்று தீர்மானிக்கிறது. இதை மற்ற மொழிகளில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தெரியாத்தனமாகப் பொருள் உடைகிற, பலூன் வெடிக்கிற காட்சிகளை ஆங்கிலம் பேசுவோருக்கும் ஸ்பானியம் பேசுவோருக்கும் காட்டினார்கள். ஆங்கிலக்காரர்கள் ‘அவன் உடைத்தான்’ என்பதுபோலச் சொன்ன இடத்தில் ஸ்பானியக்காரர்கள் ‘உடைந்தது’ என்ற பாங்கில் சொன்னார்கள். உடைத்தவர் யார் என்று பிறகு கேட்டபோது ஸ்பானியக்காரர்களுக்கு அவ்வளவாக நினைவில்லை. வேண்டுமென்றே உடைத்த காட்சிகளில் இரு தரப்புக்கும் ஒரே நினைவு. மொழி கண்ணைக் கட்டிவிடவில்லை, எதைக் கவனித்து வைத்துக்கொள்வது என்பதில் லேசாகக் கைவைக்கிறது.

‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ என்பதையும் கொஞ்சம் பாருங்கள். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ‘மறந்துபோச்சா?’ என்பார்கள். பசி எனக்கு வருகிறது, கோபம் எனக்கு வருகிறது, ஒன்று எனக்குத் தெரிகிறது, பிடிக்கிறது, மறந்துபோகிறது. இதிலெல்லாம் ‘நான்’ செய்கிறவன் இல்லை, எனக்கு நேர்கிறது. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்று ஓர் ஐகாரத்தை எடுத்து ஒரு விகுதியை மாற்றினால் போதும், குற்றம் சாட்டும் தொனி போய்விடும்.

மொழி சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்று பேச்செடுத்தால் எல்லோரும் சொல்லும் பெயர் பெஞ்சமின் லீ வோர்ஃப். அவர் பேராசிரியர் வேலை பார்த்தவர் இல்லை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தீக்காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர். விபத்து அறிக்கைகளைப் படித்துப் படித்து ஒன்றைக் கவனித்தார். பெட்ரோல் இருக்கும் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் ஆட்கள் ஜாக்கிரதையாக இருந்தார்கள். ‘காலி’ என்று எழுதிய பீப்பாய்களுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடித்தார்கள், துண்டை வீசி எறிந்தார்கள். உள்ளே ஆவி நிறைந்த காலிப் பீப்பாய்தான் அதிக ஆபத்து. நம் வீட்டு ‘காலி சிலிண்டர்’ நினைவுக்கு வருகிறதா? காலி என்றதும் அதைக் கதவோரம் உருட்டிவிட்டு, மூடிகூடப் போடாமல் விட்டுவிடுகிறோம். படிவத்தில் ஒரு சொல் கையில் ஒரு சிகரெட்டாக மாறுவதை வோர்ஃப் கண்ணெதிரே பார்த்தார். அதோடு நின்றிருக்கலாம். ஹோப்பி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லே கிடையாது என்கிற அளவுக்குப் போனார். எக்கெஹார்ட் மலோட்கி என்ற மொழியியலாளர் 1983-இல் தடித்த புத்தகம் ஒன்றில் ஹோப்பி மொழியின் காலச் சொற்களைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்.

தமிழன் இப்படித்தான் சிந்திப்பான் என்று மொத்தமாகச் சொல்கிறவர்களிடமும் எனக்கு இதே சந்தேகம்தான். ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்தில் கூகு யிமித்திர் மொழி பேசுவோர் இடம், வலம் என்பதற்குப் பதில் எல்லாவற்றையும் திசையால் சொல்வார்கள் என்று உலகமே வியக்கிறது. எங்கள் ஊரில் வந்து பாருங்கள். ‘கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு’, ‘மேக்கால செவுத்துல ஆணி இருக்கு’. இது ஆய்விலும் ஏறியிருக்கிறது. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தோடு வேலை செய்த எரிக் பெடர்சன் 1990-களில் தமிழ்நாட்டுக் கிராமத்தாரையும் நகரத்தாரையும் ஒப்பிட்டார். கிராமத்தில் திசைச் சொல், நகரத்தில் இடது வலது. அவர்கள் பொருள்களின் இருப்பிடத்தை நினைவில் வைத்துக்கொள்வதிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இருவர் பேசுவதும் தமிழ்தான். வழிகாட்டும் செயலிகள் ‘இடதுபுறம் திரும்பவும்’ என்று ஒரே தமிழை எல்லோருக்கும் கொடுக்கின்றன. நம் பெரியப்பாக்கள் அதைக் கேட்டுவிட்டு, “அது கிடக்கட்டும், கிழக்க போறதா மேக்க போறதா?” என்கிறார்கள்.

அப்புறம் ‘குடும்பப் பெயர்’. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வேறு, கட்டாயமாம். தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும் வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களிடம் கேட்கிறோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரும்பாலானோர் விட்டும்விட்டார்கள். விட்ட இடத்தில் ஒரு காலிக் கட்டத்தை வைத்து, ‘இதை நிரப்பு’ என்கிறோம். வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போடுகிறோம். பிறகு வெளிநாட்டு விமான நிலையத்தில் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், மகள் திரும்பிப் பார்க்கிறாள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். பள்ளியில் தினமும் கையை நீட்டிச் சொன்னோமே, ‘இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்’ என்று. பைதிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962-இல் தெலுங்கில் எழுதிய உறுதிமொழி அது. ஆங்கிலத்தில் ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ என்று வரும். அதை வீட்டில் பேசும் சொற்களில் எழுதியிருந்தால் அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று நாலு பேரை அடுக்க வேண்டும், நாட்டையே வயதுப்படி பிரிக்க வேண்டும். தமிழாக்கியவர் யாரோ, ‘உடன்பிறந்தவர்கள்’ என்று ஒரே சொல்லில் ஆண் பெண்ணையும் மூத்தவர் இளையவரையும் தாண்டிப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உறவுமுறை என்று வந்தால் பட்டியலைத் தூக்கிவிட்டு ஒரு வெற்றுக் கட்டம் கொடுக்கச் சொல்லுங்கள், ஜனங்கள் எழுதிக்கொள்வார்கள். பெயருக்கு ஒரு கட்டம், தலைப்பெழுத்துக்கு ஒரு கட்டம் போதும். வரிகள் வரும்போது யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராது, தெரியும். பத்துப் பேர் கேட்டால் வரும். அனுப்பும் முன் இடது கட்டத்தை மூடிவிட்டு, வீட்டில் இருக்கிற யாரிடமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்த வரியை மாற்றுங்கள்.

பெரியம்மாவின் போனில் கடைசியில் ‘மற்றவை’ என்பதைத் தட்டினேன். ‘குறிப்பிடவும்’ என்று இன்னொரு கட்டம் திறந்தது. ‘தங்கை மகன்’ என்று அடித்தேன். ஆங்கில எழுத்துகள் மட்டுமே ஏற்கப்படும் என்று சிவப்பில் வந்தது. திரும்ப ‘நெஃப்யூ’ என்றே ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினேன்.

“என்னன்னு போட்ட?” என்று கேட்டார்.

“மகன்னுதான் பெரியம்மா” என்றேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்